நாலு வயதுக் குழந்தைக்குப் பாட்டு வகுப்பா, வீட்டுப் பாட்டா?

ஒவ்வொரு விஜயதசமியன்றும் காலை ஏழு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணைக்குத் தாம்பாளங்கள் வந்துவிடும். வெற்றிலை, பாக்கு, பழம். கூடவே புதுப் பாவாடை சரசரக்க ஒரு குழந்தை. ஸ்ரீரங்கத்தில் இருபத்திரண்டு வருடங்களாகக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் ஏழு, எட்டு வயதில் அழைத்துவருவார்கள். இப்போது நாலு வயதிலேயே வருகிறார்கள். சென்ற முறை வந்த பையனுக்கு மூன்றே கால் வயது.

"டி.வி.யில் பாட்டு வந்தால் அப்படியே நின்றுவிடுகிறாள் டீச்சர். இப்போதே வகுப்பில் சேர்த்துவிடலாமா? இல்லை, ஒரு கீபோர்டு வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டாம், போனில் நல்ல பாட்டாகப் போட்டுக் காட்டினாலே போதாதா என்று கேட்கும் அப்பாக்களும் உண்டு.

பத்து வருடங்களுக்கு முன் இதற்கு நான் சொன்ன பதில் வேறு. வந்த குழந்தையைச் சேர்த்துக்கொள்வேன். அப்படி நாலரை வயதில் சேர்ந்த ஒரு பெண் குழந்தை, ஆறு வயதுக்குள் ஆரம்பப் பாடங்களான சரளி வரிசை முழுவதையும் ஜண்டை வரிசையில் பாதியையும் தப்பில்லாமல் சொல்வாள். பார்த்தவர்கள் எல்லாரும் வியந்தார்கள்; எனக்கும் பெருமையாக இருந்தது. ஏழு வயதில் வகுப்பு வாசலில் நின்று அழுதாள், உள்ளே வரவே இல்லை. வீட்டில் யார் பாடினாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள் என்று அவளுடைய அம்மா சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குழந்தை என்னிடம் பாடவே இல்லை, ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அந்த வேறுபாடு என் காதில் விழாமல் போயிற்று.

அதே வருடம் ஆறு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் சங்கீதம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சுருதிப் பெட்டியைப் போட்டேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவன் 'ம்ம்ம்' என்று சரியாக ஷட்ஜத்தில், அதாவது ஆதார ஸ்வரமான ச-வில், வந்து உட்கார்ந்துவிட்டான். விசாரித்தேன். தினமும் இரவு வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடந்தபடி பழைய சினிமாப் பாட்டாகப் பாடுவாராம், கைக்குழந்தையாக இருந்த நாள் முதல். "என் குரலெல்லாம் பாட்டுக் குரல் இல்லை டீச்சர்" என்று கூச்சத்துடன் சொன்னார். அந்தக் குரல்தான் பையனின் காதைச் செதுக்கியிருந்தது.

இந்த இரண்டு குழந்தைகளையும் பார்த்த பிறகுதான், வழிகளை ஒன்றோடொன்று வைத்து நிதானமாக எடைபோடத் தொடங்கினேன்.

எடைபோடுவதற்கு முன், எதற்காக என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பாட்டுக் கற்றால் கணக்கு நன்றாக வரும், மூளை வளரும் என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையின் பெரும்பகுதி 1993ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. மோசார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள், வடிவங்களை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் ஒருவகைச் சோதனையில் சற்று நன்றாகச் செய்தார்கள். அவர்கள் 36 பேர், எல்லாரும் கல்லூரி மாணவர்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. கைக்குழந்தைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்கு அந்தச் செய்தி பரவியது. மதிப்பெண்ணுக்காகப் பாட்டு என்றால் டியூஷனில் சேர்ப்பதே நேர்வழி. நான் பேசுவது, குழந்தை பாட்டைக் கேட்டுத் துள்ளுகிறதே, அந்தத் துள்ளலை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றி.

முதலில் வகுப்பு. நானே நடத்துவதால் அதன் பலமும் எனக்குத் தெரியும், எல்லையும் தெரியும். கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களைப் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்கிறோம். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது: ச ரி க ம என்ற கீழ்ப்பாதியின் இடைவெளிகள், ப த நி ச என்ற மேல்பாதியில் அப்படியே திரும்ப வருகின்றன. ஒரு பாதி வசப்பட்டால் மறுபாதியும் வசப்படும். ஏழு வயதுக் குழந்தைக்கு இது அருமையான ஏற்பாடு.

நாலு வயதுத் தொண்டைக்கோ முதல் சரளி வரிசையே மலை. அது கீழ் ச முதல் மேல் ச வரை ஒரு முழு ஸ்தாயி ஏறி இறங்குகிறது. அந்த வயதில் சிரமமில்லாமல் பாடக் கூடியது நாலைந்து ஸ்வர அகலம்தான். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (ச-வை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்ற அளவுதான் கட்டை) நான் பாடினால் கீழ் ச அவர்களுக்கு முனகலாகிவிடும். சுருதியை ஏற்றி வைத்தால் மேல் ச கத்தலாகிவிடும். எந்தக் கட்டையில் வைத்தாலும் ஒரு முனை இடிக்கும். போதாக்குறைக்கு இந்த ராகத்தில் ரி-யும் ச-வும் ஒட்டிக்கொண்டு நிற்கும், ரி-யிலிருந்து க-வுக்கு ஒரே தாவல். அந்தச் சிறு அடியையும் பெரிய தாவலையும் பிரித்துக் கேட்கும் காது பல குழந்தைகளுக்கு ஆறு வயதுக்கு மேல்தான் பழுக்கிறது. அதற்குள் "சுருதி சேரவில்லை, மறுபடியும் பாடு" என்று பத்து முறை சொல்லிவிட்டால், தனக்குப் பாட்டு வராது என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். பெரியவர்களான பிறகும் "எனக்குப் பாட வராது" என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கும் அதை யாரோ ஒருவர் சின்ன வயதில் சொல்லியிருப்பார்.

தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் சேரக் குறைந்தபட்ச வயது 12. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஐந்து வயதிலிருந்து குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. இவற்றைச் சொல்வதற்குக் காரணம், நாலு வயதில் சேராவிட்டால் ரயில் போய்விடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதைக் காட்டத்தான்.

அடுத்து, வீட்டில் பாடுவது. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

நம் பழைய புலவர்கள் குழந்தையை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சாட்சி. பத்துப் பருவங்களில் இசையோடும் அசைவோடும் ஒட்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செங்கீரையில் குழந்தை கைகளை ஊன்றித் தலையை அசைத்து ஆடுகிறது. தாலில் தாலாட்டுக் கேட்கிறது. சப்பாணியில் கை கொட்டுகிறது. அம்புலியில் நிலாவை விளையாட வரச்சொல்லி அழைக்கிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களில் ஒன்று சிறுபறை, சின்னப் பறையை முழக்குவது. முதலில் உடம்பு அசைகிறது, பிறகு காது, பிறகு கை, பிறகு வாய், அதன் பிறகே கருவி. நான் இருபத்திரண்டு வருடங்களில் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை அதில் ஏற்கெனவே இருக்கிறது. கருவியை முதலிலும் அசைவைக் கடைசியிலும் வைக்கும் நம் காலத்து அவசரம்தான் வரிசையைக் குலைக்கிறது.

வீட்டுப் பாட்டு நாலைந்து ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும். தாலாட்டையும் நிலாப் பாட்டையும் கைவீசும் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும், பெரிய தாவல் இருக்காது, தாளம் நடையோடும் ஆட்டத்தோடும் ஒட்டியிருக்கும். ஹங்கேரியில் இசையமைப்பாளர் ஸோல்டான் கோடாய் குழந்தைகளின் இசைக் கல்வியைத் தாய்மொழி நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து, இரண்டு மூன்று ஸ்வரங்களில் தொடங்க வேண்டும் என்று வகுத்தார். நம் பாட்டிமார்கள் அதைப் பெயர் வைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

"எனக்குப் பாடத் தெரியாதே" என்பதே இதற்கு வரும் பெரிய தடை. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை அம்மாவின் குரலைப் பிற பெண்களின் குரலிலிருந்து பிரித்து அறிந்துகொள்கிறது. அதற்கு உங்கள் குரலைப் போல வேறு குரல் இல்லை. கொஞ்சம் சுருதி விலகினால் ஒன்றும் கெட்டுவிடாது. வெட்கப்பட்டு நிறுத்திவிடுவதில்தான் இழப்பு இருக்கிறது.

சில நுணுக்கங்களை மட்டும் சொல்கிறேன். மெதுவாகப் பாடுங்கள், நமக்கு இழுவையாகத் தோன்றும் வேகம்தான் குழந்தைக்குச் சரியான வேகம். நம் பேச்சுக் குரல் அவர்களுக்கு மிகவும் கீழே இருக்கும், ஆகையால் கொஞ்சம் ஏற்றிப் பாடுங்கள். சுருதிப் பெட்டி இருந்தால் பெண்கள் இரண்டு கட்டையில் (நான் பாடும் ஐந்து கட்டைக்கு மேலே வரும் இரண்டு) வைத்து, ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும், அதாவது ச-வுக்கும் ப-வுக்கும், நடுவில் ஓடும் பாட்டாகத் தேர்ந்தெடுத்தால் குழந்தையின் தொண்டைக்குச் சுகமாக இருக்கும். அப்பாக்கள் தம் குரலிலேயே பாடட்டும், குழந்தை தானாகவே ஒரு ஸ்தாயி மேலே எடுத்துக்கொள்ளும். ஒரே பாட்டை ஒரே வேளையில் பாடுங்கள்: எண்ணெய் தேய்க்கும்போது ஒன்று, சோறு ஊட்டும்போது ஒன்று, விளக்கணைத்த பிறகு ஒன்று. சில நாள் கழித்து வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். கண் விரியும். அந்தச் சொல் அதன் வாயிலிருந்து வரும்போது சுருதியோடு வருகிறதா என்று ஆராய வேண்டாம், வந்ததே போதும். பாட்டில் குழந்தையின் பெயரைப் போடுங்கள், பூனைக்குட்டியைப் போடுங்கள், அன்றைக்குச் சுட்ட தோசையைப் போடுங்கள். சொல்லை மாற்றலாம் என்று தெரிந்துகொண்ட குழந்தை தானே பாட்டுக் கட்டத் தொடங்கிவிடும்.

இதற்குச் செலவு இல்லை, ஆனால் நேரம் வேண்டும். வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வரும் அம்மாவிடம் இன்னொரு கடமையை ஏற்றுகிறேனா என்று எனக்கே உறுத்தியது உண்டு. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, எப்படியும் செய்கிற வேலையோடு பத்து நிமிடம் வாய் பாடினால் போதும் என்பதே என் பதில். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பைவிட அந்தத் தினசரிப் பத்து நிமிடம் கனமானது. அம்மாவால் முடியாத வீட்டில் தாத்தா பாடட்டும், அக்கா பாடட்டும்.

பாட்டுக்கு வாய் வராத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குத் தாளம். தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு அவர்களுக்கு மிட்டாய் மாதிரி. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நாலு, தகதகிட என்றால் ஐந்து. எண்ணே சொல்ல வேண்டாம், சொல்லிக்கொண்டே படி ஏறினால் போதும். பிறகு வீட்டில் இருப்பவர்களின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் அந்த அச்சில் போட்டுப் பார்க்கலாம்: 'மதுரை' தகிடவில் அடங்கும், 'திருமயம்' தகதிமியில் அடங்கும். என் வகுப்பில் ஒரு பையன் பஸ் நிறுத்தங்களின் பெயரையெல்லாம் இப்படிப் பிரித்துக்கொண்டே வீடு போவான். கருவி வேண்டுமென்றால் கோயில் வாசலில் விற்கும் சின்ன ஜால்ரா ஒரு ஜோடி, திருவிழாவில் கிடைக்கும் பனையோலைக் கிலுகிலுப்பை, கவிழ்த்துப் போட்ட ஒரு மண்பானை. மிருதங்கத்துக்கு அந்த விரல்கள் இன்னும் தயாராகவில்லை.

கீபோர்டு விஷயத்தில் என்னிடம் பலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் நன்மை எனக்குப் புரிகிறது. தொட்டால் ஒலி வருகிறது. ஸ்வரம் மேலே போவதையும் கீழே வருவதையும் கண்ணால் பார்க்க முடிகிறது. விரலால் அழுத்தும் கட்டை எப்போதும் சுருதியிலேயே இருக்கிறது. மேற்கத்திய இசை கற்பதற்கு அது இயல்பான வாசல். ஆனால் அதில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் மேளம் தானாக அடிக்கும், சில கருவிகளில் பாட்டே தானாக ஓடும். நாலு வயதுக் குழந்தை அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்த பிறகு இசைப்பது கருவி, குழந்தை வெறுமனே பார்க்கிறது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே நம் ராகங்கள் அசைந்து வழுக்கிச் செல்லும் இடமும் அதில் இல்லை. ஆகவே அந்த அசைவை, அதாவது கமகத்தை, காது முதலில் குரலிலிருந்து கேட்டுவிட்டால் நல்லது.

இன்னொரு கவலை, கீபோர்டுக்குப் பின்னால் வரும் தேர்வு. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டு நிலைத் தேர்வுகள் நல்ல ஒழுங்கைக் கொடுப்பவை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஐந்து வயதில் அந்தப் படிக்கட்டில் ஏற்றிவிட்டால், அடுத்த நிலை எப்போது என்பதே வீட்டில் பேச்சாகிவிடும். ஏற்கெனவே வீட்டில் கீபோர்டு இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். தானியங்கித் தாளத்தை அணைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், நீங்கள் இரண்டு ஸ்வரம் வாசித்தால் குழந்தை இரண்டு ஸ்வரம் வாசிக்கட்டும். வயலினைச் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஜப்பானின் ஷினிச்சி சுசுகி, முதலில் பெற்றோருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அம்மா வீட்டில் வாசிப்பதைப் பார்த்துக் குழந்தை "எனக்கும் கொடு" என்று கேட்கும் வரை காத்திருந்தார். கருவியை வாங்குவதானால் அந்தப் பொறுமையையும் சேர்த்து வாங்குங்கள்.

போன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வயது முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்குக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. திரையில் பாட்டு ஓடும்போது குழந்தை பாட்டைக் கேட்கிறதா, படத்தைப் பார்க்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. படத்தை மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் ஓட விடுங்கள். அழுதால் அது பாட்டுக்கான அழுகை இல்லை. படமில்லாமல் ஸ்பீக்கரில் ஒலிக்கும் பாட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் நாள் முழுவதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் காது அதை மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்துவிடும். ஒரு பாட்டு, இருவரும் உட்கார்ந்து கேட்பது, பிறகு அமைதி. போனுக்கு நான் கொடுக்கும் மிகப் பெரிய வேலை வேறு: ஊரில் இருக்கும் ஆச்சியோ அப்பத்தாவோ பாடுவதை இன்றே பதிவு செய்துவையுங்கள். அந்தப் பாட்டு வேறெங்கும் கிடைக்காது.

நேரில் இசை கேட்கக் கூட்டிப் போவதை வகுப்புக்கும் கீபோர்டுக்கும் மேலே, வீட்டுப் பாட்டுக்கு அடுத்தபடியாக வைக்கிறேன். ஆனால் எங்கே கூட்டிப் போவது என்பது முக்கியம். இரண்டரை மணி நேர சபா கச்சேரியில் "அசையாதே, பேசாதே" என்று உட்கார வைத்தால், இசை என்றால் தண்டனை என்று குழந்தை எண்ணிவிடும். முன்பாதியில் இருபது நிமிடம், ஓரத்து நாற்காலி, எழுந்துபோகலாம் என்றதும் போய்விடுவது, இந்த ஒப்பந்தத்தோடு போனால் சரி. அதைவிட, நடமாடிக்கொண்டே கேட்கக்கூடிய இசை நல்லது. கோயில் புறப்பாட்டில் நாதசுரம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். குழந்தை கூடவே நடக்கலாம், ஆடலாம், வாசிப்பவரின் கன்னம் உப்புவதைப் பார்க்கலாம். தவிலுக்குப் பக்கத்தில் மட்டும் நிற்க வேண்டாம். பிஞ்சுக் காதுக்கு அது தாங்காது, ஒருமுறை பயந்துவிட்டால் பிறகு மேளம் என்றாலே ஓடிவிடும். இருபது முப்பதடி தள்ளி நின்று, தோளில் தூக்கிக்கொண்டு காட்டுங்கள்.

கூடிப் பாடும் இடங்கள் இன்னும் மேல். மார்கழி விடியலில் வீதி பஜனை, தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாடல், நாகூர் தர்காவில் தோற்கருவி தட்டிப் பாடும் பக்கீர்கள், பொங்கல் சமயத்தில் கும்மி. ஜனவரியில் தியாகராஜ ஆராதனைக்குத் திருவையாற்றுக்கு என் தம்பி மகளைக் கூட்டிப் போயிருந்தேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே குரலாகப் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கியதும் அவள் என் மடியிலிருந்து இறங்கி நின்றாள். ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. "அத்தை, எல்லாருக்கும் ஒரே பாட்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் நடத்திய எந்தப் பாடமும் அப்படி ஒரு கேள்வியை எழுப்பியதில்லை.

ஆக, இப்போது நாலு வயதுக் குழந்தையோடு திண்ணைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான். வெற்றிலைப் பாக்கை வாங்கிக்கொள்கிறேன். குழந்தைக்கு ஒரு சின்னப் பாட்டு, அம்மாவுக்கும் அதே பாட்டு, இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை சும்மா வந்து கேளுங்கள், கட்டணம் இல்லை என்கிறேன். ஆறு வயதை ஒட்டி, குழந்தை கேட்ட பாட்டைத் திரும்பப் பாட ஆசைப்பட்டு, ஒரு இடத்தில் இருபது நிமிடம் தானாக உட்காரவும் தொடங்கிவிட்டால் வகுப்புக்கு வரலாம். ஐந்து வயதிலேயே அந்த அறிகுறி தெரிகிற குழந்தைகளும் உண்டு, அவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை.

அப்போதும் என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. எந்த ஆசிரியரிடம் சேர்த்தாலும் முதலில் ஒரு வகுப்பு முழுவதும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரே நேரத்தில் ஆறேழு குழந்தைகளுக்கு மேல் இருக்கிறார்களா, அவர் குழந்தைகளோடு சேர்ந்து பாடுகிறாரா அல்லது தாளம் தட்டிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாரா, வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறாரா, தப்பாகப் பாடிய குழந்தையிடம் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது குழந்தைகள் எதையாவது முணுமுணுக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். முணுமுணுத்தால் மறுநாளே சேர்த்துவிடுங்கள்.